‘டிட்’ விழுங்கிய விவரங்கள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை. கட்டிலில் ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த அறுபது வயதுக்காரர். எதிரே ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மருத்துவர். நடுவில் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் கேட்கிறார்: “டிட் யூ டிரிங்க்?” மூன்றே சொல். அதை ஸ்பானிஷில் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு வினாடி இருந்தால் அதிகம்.

‘¿பெபியோ?’ என்று கேட்கலாம். “குடித்தீர்களா?” என்று பொருள். நேற்று ராத்திரியோ, இங்கே வருவதற்கு முன்போ, ஒரு தடவை நடந்து முடிந்த காரியம். ‘¿பெபீயா?’ என்றும் கேட்கலாம். அதற்கு “அந்த நாளில் குடிப்பீர்களா, பழக்கம் இருந்ததா?” என்று பொருள். முதல் கேள்விக்கான பதில் மயக்க மருந்து கொடுப்பவருக்கு வேண்டும். இரண்டாவதற்கான பதில் கல்லீரலைப் பார்ப்பவருக்கு வேண்டும். ஆங்கிலக் கேள்வியில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. மருத்துவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது அவர் மனத்துக்குத்தான் தெரியும்.

இந்தச் சிக்கல் எங்கோ மூலையில் நடப்பதில்லை. வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேல். மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று எங்கு போனாலும் ‘டிட் யூ’ என்று தொடங்கும் கேள்விகள் அவர்களை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன.

ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959-இல் மொழிபெயர்ப்பு பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம், ஆனால் ஒவ்வொரு மொழியும் சில விவரங்களைச் சொல்லியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. மொழிக்கும் மொழிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கட்டாயத்தில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். ‘ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுத்தேன்’ என்ற ஆங்கில வாக்கியத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், எடுத்தது முடிந்ததா இல்லையா, எடுக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவர் தந்த உதாரணம். நம் மருத்துவமனைக் கேள்வியும் அதே ரகம். ஸ்பானிஷ் வினைச்சொல் வாயைத் திறப்பதற்கு முன்பே சில விவரங்களைக் கேட்கிறது: முடிந்ததா பழக்கமா, நீயா நீங்களா. அவை ஆங்கில வாக்கியத்தில் இல்லை. அப்போது மொழிபெயர்ப்பாளர் செய்வது பாதி ஊகம்.

ஆங்கிலத்தில் அவை ஏன் இல்லை? ஒரு காலத்தில் கொஞ்சம் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க ‘தவ்’ என்று ஒரு சொல், பலரைக் குறிக்க வேறொரு சொல். பிறகு பன்மைச் சொல்லையே பெரியவர்களுக்கும் மரியாதைக்காகச் சொல்லத் தொடங்கினார்கள். ‘நீங்கள்’ நமக்கு வந்த அதே வழி. மரியாதை பரவிப் பரவி எல்லோருக்கும் ‘யூ’ என்றாகி, ‘தவ்’ வழக்கொழிந்தது. ஒழியும் முன் அது எப்படிச் சுட்டது என்பதற்கு 1603-இல் நடந்த வழக்கு ஒன்று சாட்சி. வால்டர் ராலே மீதான ராஜத்துரோக விசாரணையில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தவ்’ போட்டுத் தாக்கினார். அந்தச் சொல்லையே வினையாக்கி, ‘உன்னை நீ என்றே சொல்வேன்’ என்கிற தோரணையில் பேசினார். ‘ஒருமையில் பேசிவிட்டான்’ என்று நம் ஊரில் சண்டை வருவது போல. இன்றைய ஆங்கிலத்தில் அப்படி ஒருவரைத் திட்ட வழியே இல்லை. அது முன்னேற்றமா இழப்பா என்பதில் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை.

‘டிட்’டின் கதை வேறு. ‘டிட் யூ கம்?’ என்று கேட்பது ஒரு காலத்தில் தேவையே இல்லை, ‘கேம் யூ?’ என்று வினையை முன்னே தள்ளினால் போதும். ‘செய்’ என்று பொருள்படும் ஒரு வினை கேள்விகளுக்குள் மெல்ல நுழைந்து, சுமார் 1400 முதல் 1700 வரை எப்படி இடம்பிடித்தது என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வார் எல்லெகோர்ட் பழைய நூல்களிலிருந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களை எண்ணி 1953-இல் காட்டினார். இன்றைக்கு நிலைமை இதுதான்: காலத்தை ‘டிட்’ சுமக்கிறது, ஆளை ‘யூ’ சுமக்கிறது, வினைச்சொல் மொட்டையாக நிற்கிறது. ‘டிட்’டிடம் எப்போது, எப்படி என்று கேட்டால் ‘முன்பு’ என்று மட்டும் சொல்லும். ‘யூ’விடம் யார், எத்தனை பேர் என்று கேட்டால் ‘எதிரே’ என்று மட்டும் சொல்லும்.

ஸ்பானிஷில் எல்லாம் வினைமுற்றுக்குள். இதைத் தமிழருக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். ‘சாப்பிட்டீர்களா’ என்பதில் வினை, காலம், ஆள், மரியாதை, கேள்வி ஐந்தும் ஒரே சொல்லில் கோத்துக் கிடக்கவில்லையா? ‘கொமிஸ்தே’ என்றால் ‘நீ சாப்பிட்டாய்’. ‘கொமியோ’ என்றால் ‘நீங்கள் சாப்பிட்டீர்கள்’. ‘நீ’யையும் ‘நீங்க’ளையும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் ஒன்று அவர்களிடம் இல்லை: அந்தக் கடைசி ‘ஆ’. கேள்விக்கென்று ஸ்பானிஷில் விகுதி கிடையாது, ‘டிட்’ போல முன்னே நிற்கும் துணைவினையும் கிடையாது. ‘கொமிஸ்தே’ என்று குரலை ஏற்றினால் கேள்வி, இறக்கினால் செய்தி. பேச்சில் சரி, எழுத்தில் என்ன செய்வது? வாக்கியம் முடியும்வரை கேள்வி என்றே தெரியாமல் படித்துக்கொண்டு போகவேண்டியிருக்குமே. அதனால்தான் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் 1754-இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் தலைகீழ்க் கேள்விக்குறியை வாக்கியத்தின் முன்னால் போடச் சொன்னது. முதலில் நீளமான கேள்விகளுக்கு மட்டும் என்றிருந்தது. இன்று ஒற்றைச் சொல்லுக்கும் போடுகிறார்கள்.

சரி, ‘கொமியோ’ எப்படி ‘நீங்கள்’ ஆனது? அதன் நேர்ப்பொருள் ‘அவர் சாப்பிட்டார்’ என்பது. இதற்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மரியாதைக்குரியவரை ‘வுவேஸ்த்ரா மெர்செத்’ என்று அழைத்தார்கள். ‘உங்கள் கருணை’ என்று பொருள். நம் ‘சமூகம்’, ‘தாங்கள்’ போன்ற விளிப்பு. கருணை என்பது படர்க்கை. ஆகவே வினையும் படர்க்கை: ‘உங்கள் கருணை சாப்பிட்டதா?’ நாளுக்கு நூறு தடவை சொன்னால் எந்தப் பட்டமும் தேயும். ‘வுசார்செத்’, ‘வோசே’, ‘வுஸ்தெத்’ என்று பல வடிவங்களில் தேய்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் ‘உஸ்தெத்’ என்று நிலைத்தது. பட்டம் சுருங்கியது, படர்க்கை மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இதனால் இன்றும் ஒரு தொல்லை. ‘¿கொமியோ?’ என்று திடீரென்று கேட்டால், கேட்கப்பட்டவர் “யார், பையனா?” என்று திருப்பிக் கேட்கலாம். மயக்கம் வரும் இடத்தில் ‘¿கொமியோ உஸ்தெத்?’ என்று சொல்லித் தெளிவாக்கிவிடுவார்கள்.

யாருக்கு ‘நீ’ என்று பொருள்படும் ‘தூ’, யாருக்கு ‘உஸ்தெத்’ என்பதை இலக்கணப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும்: நண்பருக்கு முதலாவது, அந்நியருக்கு இரண்டாவது. நிஜத்தில் அப்படி இல்லை. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960-இல் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ, நீங்கள்’ பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் தொடக்கப் புள்ளி. பழைய காலத்தில் இந்தச் சொற்களை அதிகாரம் ஆண்டது: முதலாளி வேலைக்காரனை ‘நீ’ என்பார், அவன் ‘நீங்கள்’ என்பான். பிற்காலத்தில் நெருக்கம் ஆளத் தொடங்கியது: இருவரும் ‘நீ’, அல்லது இருவரும் ‘நீங்கள்’. ஸ்பெயினில் இந்த மாற்றம் வெகுதூரம் போய்விட்டது. மாட்ரிட் கடைக்காரர் முன்பின் தெரியாத வாடிக்கையாளரைத் ‘தூ’ என்று கேட்பது சாதாரணம். மெக்சிகோவில் மாமியாருக்கும் மூத்தவர்களுக்கும் ‘உஸ்தெத்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. கோஸ்தா ரிக்காவுக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: நண்பர்கள் ஒருவரையொருவர் ‘உஸ்தெத்’ என்கிறார்கள், குழந்தைக்கும் அதுவே, வீட்டு நாய்க்கும் அதுவே.

அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’. அதுவும் ஒரு காலத்து மரியாதைச் சொல்தான். விலை இறங்கி நண்பர்களுக்குரியதாகிவிட்டது. நிகழ்காலத்தில் ‘நீ சாப்பிடுகிறாய்’ என்பது ‘தூ’வுக்குக் ‘கோமெஸ்’, ‘வோஸு’க்குக் ‘கொமேஸ்’ என்று பிரியும். கடந்த காலக் கேள்வி மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் இங்கே ஒரு சலுகை: இரண்டுக்கும் ‘கொமிஸ்தே’தான். புவெனஸ் அய்ரெஸ்காரரா மெக்சிகோகாரரா என்று விசாரிக்காமலே “நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிடலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பானிஷில் ‘நீ’க்குரிய வினைமுற்றுகள் கிட்டத்தட்ட எல்லாம் ‘ஸ்’ என்று முடியும்; இந்த இறந்தகால வடிவம் அப்படி முடியாது. லத்தீனில் இருந்து வந்தபோதே அப்படித்தான் வந்தது. மக்களுக்கு அது பொறுக்கவில்லை. ‘கொமிஸ்தேஸ்’ என்று ஒரு ‘ஸ்’ சேர்த்துச் சொல்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். என் அனுதாபம் மக்கள் பக்கம்.

பலரைக் கேட்பதென்றால் அட்லாண்டிக் கடலே எல்லை. ஸ்பெயினில் நண்பர் கூட்டத்துக்குக் ‘கொமிஸ்தெய்ஸ்’, மரியாதைக்குரிய கூட்டத்துக்குக் ‘கொமியேரோன்’. லத்தீன் அமெரிக்கா முழுக்க எந்தக் கூட்டத்துக்கும் ‘கொமியேரோன்’ போதும்.

ஆள் விஷயம் முடிந்தது என்று நினைத்தால், அடுத்து காலம். காலை ஒன்பது மணி. அலுவலகத்தில் நண்பரிடம் “காலைச் சாப்பாடு ஆச்சா?” என்று கேட்கவேண்டும். மாட்ரிட்டில் ‘¿அஸ் தெசாயுனாதோ?’ என்பார்கள். ‘கொண்டிருக்கிறாய்’ என்ற துணைவினையோடு வரும் வடிவம். மெக்சிகோ நகரத்தில் ‘¿யா தெசாயுனாஸ்தே?’ என்பார்கள். ‘யா’ என்றால் ‘அதற்குள்’. வினை, சாதாரண இறந்தகாலம். இரண்டும் சரி. ஊர்தான் வேறு. மாட்ரிட்காரருக்கு இன்று நடந்தவை ஒரு வகை, நேற்று நடந்தவை வேறு வகை. நடுவில் ஒரு இரவு கடந்துவிட்டால் ‘தெசாயுனாஸ்தே’வுக்கு மாறிவிடுவார். இப்படி ஒரு விதியை 1660-இல் பிரெஞ்சு மொழிக்கு எழுதிவைத்தது போர்-ரொயால் இலக்கணம்: இன்றைய நிகழ்ச்சிக்கு ஒரு வடிவம், நேற்றைக்கும் அதற்கு முன்பும் இன்னொரு வடிவம். பிரெஞ்சுப் பேச்சில் அந்த விதி செத்துவிட்டது. மாட்ரிட்டில் அதன் சகோதரி உயிரோடு இருக்கிறாள்.

மெக்சிகோவில் அந்தத் துணைவினை வடிவம் இல்லாமல் போகவில்லை, வேறு வேலை பார்க்கிறது. மாட்ரிட்டில் பிறந்து மெக்சிகோவில் ஆய்வு செய்த ஹுவான் லோபே பிளாஞ்ச், 1960-களின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். அங்கே அது, இன்னும் முடியாமல் நீள்கிற அல்லது திரும்பத்திரும்ப நடக்கிற காரியத்துக்கு. மாட்ரிட் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மெக்சிகோகாரரிடம் ‘¿அஸ் தெசாயுனாதோ?’ என்றால், ‘இந்த நாட்களில் காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?’ என்ற சாயல் அவர் காதில் விழக்கூடும். அக்கறையான கேள்விதான். ஆனால் நாம் கேட்டது அதுவல்ல.

இதில் ஒரு ஆச்சரியம்: ஆங்கிலமும் அதே கடலில் அதேபோலப் பிளந்திருக்கிறது. லண்டன்காரர் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பார், அமெரிக்கர் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பார். இரண்டு மொழிகளிலும் கடலுக்கு மேற்கே எளிய இறந்தகாலம் வென்றிருக்கிறது. அதனால் அமெரிக்கரின் ‘டிட்’டை மாட்ரிட்காரருக்காக மொழிபெயர்க்கும்போது, பல இடங்களில் ‘டிட்’ இருந்த இடத்தில் துணைவினை வடிவத்தைப் போட வேண்டியிருக்கும். சொல்லுக்குச் சொல் ஒட்டினால் இலக்கணம் பிழைக்கும், ஊர் பிழைக்காது.

மிகக் கடினமான பிரிவு மருத்துவமனையில் பார்த்தோமே, அதுதான்: முடிந்த காரியமா, பழக்கமா அல்லது பின்னணியா? ‘ஃபுமோ’ என்றால் ஒரு தடவை புகைத்தது. ‘ஃபுமாபா’ என்றால் புகைப்பவராக இருந்தது. வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்திரேஸ் பெய்யோ, லத்தீன் அமெரிக்கர்களின் பயனுக்கென்று 1847-இல் எழுதிய ஸ்பானிஷ் இலக்கணத்தில் இந்த இரண்டாம் வடிவத்துக்கு ‘உடன்-இறந்தகாலம்’ என்கிற பொருளில் பெயர் வைத்தார். இன்னொரு கடந்த நிகழ்ச்சி நடந்தபோது கூடவே இருந்தது என்பதால். பழைய பெயரான ‘முற்றுப்பெறாத இறந்தகாலம்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆங்கிலம் வழியாகப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழர் தடுமாறத் தேவையில்லை என்பது என் கட்சி. இறந்துபோன தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? “தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்.” போனார் இல்லை, போவார். ஆள் போய் முப்பது வருடம் ஆகிறது. வினையில் இருப்பதோ எதிர்காலத்துக்கென்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த இடைநிலை. கடந்தகாலப் பழக்கத்தைச் சொல்ல அதையே எடுத்துக்கொள்கிறோம். ‘குடித்தீர்களா’ என்பது ‘பெபியோ’. ‘அந்த நாளில் குடிப்பீர்களா’ என்பது ‘பெபீயா’. கதவைத் தட்டியபோது கையில் டம்ளர் இருந்தது என்ற பின்னணிப் பொருளில் ‘குடித்துக்கொண்டிருந்தீர்களா’ என்பதும் ‘பெபீயா’. தமிழில் மூன்று, ஸ்பானிஷில் இரண்டு, ஆங்கிலத்தில் அவசரத்துக்கு ஒன்று.

சில வினைகளில் வடிவம் மாறினால் பொருளே மாறும். ‘டிட் யூ நோ?’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘¿சபீயாஸ்?’ என்றால் ‘முன்பே தெரியுமா?’ ‘¿சுப்பிஸ்தே?’ என்றால் ‘கேள்விப்பட்டாயா, தெரிய வந்ததா?’ ஒருவரின் திருமணச் செய்தியை உடைக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நட்பு அறுந்துபோகலாம். முதலாவது “மறைத்துவைத்திருந்தாயா?” என்கிற குற்றச்சாட்டாகவும் ஒலிக்கும், இரண்டாவது வெறும் வம்பு.

சில ‘டிட்’களில் கடந்தகாலமே கிடையாது. ‘டிட் யூ வான்ட் ஷுகர்?’ என்று காபிக் கடையில் கேட்டால் இப்போது சர்க்கரை வேண்டுமா என்று அர்த்தம். பணிவுக்காகக் காலத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஸ்பானிஷ் கடைக்காரரும் ‘¿கே தெசெயாபா?’, அதாவது ‘என்ன விரும்பிக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்பார். பழக்கத்துக்கும் பின்னணிக்கும் உரிய அந்த மங்கலான வடிவம்தான் பணிவுக்கும் தோதானது. முடிந்துபோன வடிவத்தில் ‘¿கீசோ அஸூகார்?’ என்றால், எப்போதோ சர்க்கரைக்கு ஆசைப்பட்டீர்களே, அது என்ன ஆயிற்று என்று விசாரிப்பது போலாகிவிடும்.

இயந்திரங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ரிக்கோ சென்ரிச்சும் அவர் எடின்பரோ சகாக்களும் 2016-இல் ஆங்கிலம்–ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஒரு எளிய வழியை முயன்றார்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் ஆங்கில வாக்கியத்தின் கடைசியில், ஜெர்மன் பக்கம் மரியாதையா நெருக்கமா என்று ஒரு அடையாளத்தை ஒட்டினார்கள். பிறகு மொழிபெயர்க்கும்போது வேண்டிய அடையாளத்தை நாம் ஒட்டினால், இயந்திரம் அதற்கேற்ப ‘நீ’யோ ‘நீங்க’ளோ போடும். இன்று சில மொழிபெயர்ப்புச் சேவைகளில் மரியாதைக்கென்று தனித்தேர்வே உண்டு. ஆனால் ‘ஒரு தடவையா, பழக்கமா’ என்பதற்கு அப்படி ஒரு தேர்வை நான் எங்கும் பார்த்ததில்லை. முன்பின் வாக்கியங்கள் இருந்தால் இயந்திரம் ஊகிக்கும்; தனிக் கேள்வியாகக் கொடுத்தால் அதிகம் புழங்கும் வடிவத்தின் பக்கம் சாயும். மருத்துவமனையில் நின்ற மனிதருக்கு ஒரு வசதி உண்டு. அவர் மருத்துவர் பக்கம் திரும்பி, “நேற்றைக்கா, வழக்கமாகவா?” என்று கேட்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் வெட்கப்படாமல் கேட்கிறார்கள்.

கேட்கவும் முடியாது, ஊகிக்கவும் துணிவில்லை என்றால் நழுவ வேண்டியதுதான். ‘டிட் யூ ஹேவ் எ குட் ட்ரிப்?’ என்பதற்கு ஸ்பானிஷ்காரர்கள் வைத்திருக்கும் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பில் வினைச்சொல்லே இல்லை: ‘¿கே தால் எல் வியாஹே?’ ‘பயணம் எப்படி?’ தூவா உஸ்தெத்தா, இன்றா நேற்றா, எதுவும் தேவைப்படாது. நாம் ‘சாப்பிட்டாயா’, ‘சாப்பிட்டீர்களா’ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ‘சாப்பிட்டாச்சா’ என்று தப்பிப்பதில்லையா, அதே வித்தை. புது மாப்பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

எனக்கு இணையம் வழியாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் கொலம்பியாவின் போயாக்கா மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மா. என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் கேலிக்காரர். அவரைத் ‘தூ’ என்பதா, ‘உஸ்தெத்’ என்பதா என்று முதல் மாதம் முழுக்க முழித்தேன். ஒரு மதியம் துணிந்து, வினையே இல்லாமல், ‘¿கே தால் எல் அல்முவேர்சோ?’ என்று கேட்டுவைத்தேன். மதியச் சாப்பாடு எப்படி என்று. சாப்பாட்டில் உப்பு குறைவு என்றார். பிறகு என்னைத் திருப்பிக் கேட்டார்: ‘¿இ சுமெர்சே யா அல்மொர்சோ?’ தூவும் இல்லை, உஸ்தெத்தும் இல்லை. நானூறு வருடங்களுக்கு முந்தைய அந்தக் ‘கருணை’, அதிகம் தேயாமல் அவர் ஊரில் பாசமும் மரியாதையும் சேர்ந்த விளிப்பாக இன்னும் புழங்குகிறது. உங்கள் கருணை அதற்குள் சாப்பிட்டதா? ஆச்சு என்றேன், தமிழிலேயே.